கையை உடைத்தது யார்? அடிபட்டதை ஆங்கிலத்தில் சொல்லும் விதம்

மலேசியாவில், பெஸ்தாரி ஜெயா என்ற ஊரில் நான் வைத்திருப்பது ஒரு சின்ன போட்டோஸ்டாட் கடை. ஊருக்குப் பெயர் மாறிப் பல வருஷம் ஆகியும் தோட்டத்துப் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். நகல் எடுப்பதைவிடப் பாரம், அதாவது படிவம், நிரப்பிக் கொடுப்பதில்தான் என் பொழுது போகிறது. சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் பாரம், இன்சூரன்ஸ் பாரம், பள்ளிக்கூடப் பாரம், எல்லாம்தான்.

கொஞ்ச நாள் முன்னால் ஒரு தம்பி வந்தான். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் லாரிக்குக் குலை ஏற்றுகிறவன். மழையில் மண்சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து, இடது முன்கையில் மாவுக்கட்டு. சொந்தக் காசில் எடுத்திருந்த விபத்து இன்சூரன்ஸுக்கு, என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். நான் 'ஐ புரோக் மை ஆர்ம்' என்று ஆரம்பித்தேன். பதறிவிட்டான்.

"அண்ணே, நானா உடைச்சேன்? தானா உடைஞ்சதுண்ணே! இப்படி எழுதினா வேணும்னே உடைச்சுக்கிட்டான்னு காசு குடுக்கமாட்டாங்க."

பாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய், கூட்டாளி ஒருவனை விட்டு 'மை ஆர்ம் வாஸ் புரோக்கன்' என்று எழுதி அனுப்பிவிட்டான். பத்து நாள் கழித்துப் போன் வந்தது. அந்தப் பக்கத்துப் பெண் கேட்ட முதல் கேள்வி: உங்கள் கையை உடைத்தது யார்?

இந்தக் குழப்பம் அவனோடு போகவில்லை. சாலையோர ஒட்டுக்கடையில் தே தாரிக் டீ குடிக்கும்போது யாராவது ஒருவர் சொல்லிச் சிரிப்பார்: "வெள்ளைக்காரன் ஒரு மாதிரிடா, கை ஒடிஞ்சாக்கூட நான்தான் ஒடிச்சேன்னு சொல்லுவான்." வேடிக்கைதான், ஆனால் தப்பு. அந்த வாக்கியம் சொல்வது வேறு சங்கதி. அது பிடிபட்டுவிட்டால் அடி, காயம் பற்றிய ஆங்கிலத்தில் பாதி வழிக்கு வந்துவிடும். மீதிப் பாதி, உடம்பின் எந்த இடம், எந்த மாதிரி வலி என்று சரியான சொல்லைப் பிடிப்பது.

அர்ச்சனைச் சீட்டில் யார் பெயர்?

கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறீர்கள். பெயர், நட்சத்திரம் சொல்கிறீர்கள். பூப்போடுகிறவர் குருக்கள், மந்திரம் சொல்கிறவரும் அவரே. ஆனால் கூப்பிடுவது உங்கள் பெயரை. அதைக் கேட்டுவிட்டு "ஓகோ, பூசை செய்தது இவரா" என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காரியம் யாரைச் சேர்ந்தது என்று காட்டத்தான் அந்தப் பெயர்.

ஆங்கில வாக்கியத்தின் முதல் இடமும் பல நேரம் இந்த அர்ச்சனைச் சீட்டைப் போலத்தான். அங்கே நிற்பதை எழுவாய் என்பார்கள். வாக்கியம் யாரைப் பற்றியதோ அவர்தான் எழுவாய். எழுவாய் என்றாலே செய்தவர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அது பட்டவராகவும் இருக்கலாம். 'ஐ லாஸ்ட் டூ டீத்' என்றால் எனக்கு இரண்டு பல் போய்விட்டது. பல்லை பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டார் என்று யாரும் நினைப்பதில்லை. 'ஐ புரோக் மை ஆர்ம்' என்பதும் அதே ரகம். கை முறிந்தது, அந்த விவகாரம் என்னுடையது. குற்றம் யார் மேல் என்று அந்த வாக்கியம் பேசவே இல்லை.

நம் காதுக்கு ஏன் தப்பாகக் கேட்கிறது?

இரண்டு காரணம். முதலாவது, தமிழில் உடம்புக்கு நேர்வதற்கெல்லாம் 'எனக்கு' என்று ஒரு தனி இருக்கை போட்டு வைத்திருக்கிறோம். எனக்குப் பசிக்கிறது, எனக்குக் காய்ச்சல், எனக்குக் கை உடைந்துவிட்டது. இந்தக் 'கு' வரும் வடிவத்தை இலக்கணத்தில் நான்காம் வேற்றுமை என்பார்கள். 'நான்' என்றால் செய்தவன், 'எனக்கு' என்றால் பட்டவன் என்று காது பழகிவிட்டது. ஆங்கிலத்தில் அந்த இரண்டாவது இருக்கை கிடையாது. செய்தவனும் பட்டவனும் 'ஐ' என்ற ஒரே நாற்காலியில்தான் உட்கார வேண்டும்.

இரண்டாவது காரணம் வினைச்சொல்லில் இருக்கிறது. உடைந்தது, உடைத்தேன், முறிந்தது, முறித்தேன், கிழிந்தது, கிழித்தேன். தமிழில் இப்படி ஜோடி ஜோடியாக வரும். தானாக நடப்பது தன்வினை, ஒருவர் இன்னொன்றை அப்படி ஆக்குவது பிறவினை. ஆங்கில 'பிரேக்' ஒற்றை ஆள். 'த கிளாஸ் புரோக்' என்றால் கிளாஸ் உடைந்தது, 'ஐ புரோக் த கிளாஸ்' என்றால் கிளாஸை உடைத்தேன். சொல் ஒன்றுதான். 'ஐ புரோக்' என்று கேட்டதும் நம் மனசு 'உடைத்தேன்' என்ற பிறவினைக்கு ஓடிவிடுகிறது.

மலாயும் நமக்கு ஒத்தாசை செய்வதில்லை. 'தாங்கான் சாயா பாத்தா' என்றால் என் கை முறிந்தது. அங்கேயும் கைதான் முன்னால் வருகிறது. நாள் முழுக்கப் பேசும் இரண்டு மொழியும் ஒரு பக்கம் இழுக்க, மூன்றாவது தனியாக நிற்கிறது.

'மை' செய்யும் வேலை

ஆனால் தமிழில் இந்த மாதிரி வாக்கியமே இல்லையா? இருக்கிறது. நாள்தோறும் சொல்கிறோம், கவனிப்பதில்லை.

"மரத்துலேருந்து விழுந்து கையை உடைச்சுக்கிட்டான்." "வெங்காயம் நறுக்குறப்ப விரலை வெட்டிக்கிட்டேன்."

பிறவினைதான்: உடைத்து, வெட்டி. இருந்தும் யாரும் வேண்டுமென்றே செய்ததாக நினைப்பதில்லை. காரணம் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'கொள்'. பேச்சில் அது 'கிட்டேன்' ஆகிவிடுகிறது. இப்படி வேறொரு வினையின் வாலாக வந்து அதன் பொருளைக் கொஞ்சம் திருப்பிவிடும் சொல்லுக்குத் துணைவினை என்று பெயர். இங்கே 'கொள்' சொல்வது: நடந்தது இவர் தலையிலேயே விடிந்தது.

ஆங்கிலத்தில் இந்தக் 'கொள்' எங்கே ஒளிந்திருக்கிறது? 'மை' என்ற சொல்லில். 'ஐ புரோக் மை ஆர்ம்', கையை உடைத்துக்கொண்டேன். 'ஐ புரோக் ஹிஸ் ஆர்ம்', அவன் கையை உடைத்தேன். முதல் வாக்கியத்துக்கு ஆஸ்பத்திரி, இரண்டாவதற்குப் போலீஸ் ஸ்டேஷன். மாறியது ஒரு சொல்தான். எழுவாயும் உடம்புக்குச் சொந்தக்காரரும் ஒருவரே என்றால், எதிரே இருப்பவர் அதைத் தற்செயல் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அதனால் இந்த மாதிரி வாக்கியம் கண்ணில் பட்டால் மனசுக்குள் ஒரு 'கிட்டேன்' சேர்த்துப் படியுங்கள். 'ஐ டுவிஸ்டட் மை ஆங்கிள்', கணுக்காலை மடக்கிக்கொண்டேன். 'ஐ பேங்டு மை நீ', முட்டியை இடித்துக்கொண்டேன். 'ஐ பர்ன்ட் மை டங்', நாக்கைச் சுட்டுக்கொண்டேன். நடக்கும்போது கால்விரலைக் கல்லில் இடித்துக்கொள்கிறோமே, அதற்கென்றே ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள்: 'ஐ ஸ்டப்ட் மை டோ'. அந்த வலிக்குத் தனிச்சொல் தகும்தான்.

தமிழில் 'கை உடைஞ்சிருச்சு' என்றாலே யார் கை என்று தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் 'மை'யை விழுங்கிவிடுகிறோம். 'ஐ புரோக் த ஆர்ம்' என்றால் நாற்காலியின் கைப்பிடியை உடைத்தேன் என்று கேட்கும். ஒரு இடத்தில் மட்டும் 'த' வரும்: 'ஹி ஹிட் மீ ஆன் த ஹெட்', என் தலையில் அடித்தான். 'மீ' என்று முன்னாலேயே ஆளைச் சொல்லியாகிவிட்டதால் தலை யாருடையது என்ற கேள்வி வருவதில்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: ஆங்கிலம் ஆளை முன்னால் நிறுத்துகிறது, பழி சொல்வதற்காக இல்லை, நம் 'கொள்' செய்யும் வேலையை அங்கே 'மை' செய்கிறது.

போன் ஏன் வந்தது?

'மை ஆர்ம் வாஸ் புரோக்கன்' தப்பான ஆங்கிலம் இல்லை. எக்ஸ்ரே எடுத்தபோது கை முறிந்த நிலையில் இருந்தது என்றும் பொருள். கை உடைக்கப்பட்டது என்றும் பொருள். இரண்டாவது செயப்பாட்டு வினை, அதாவது செய்தவரைப் பின்னால் தள்ளி, செய்யப்பட்டதை முன்னால் வைக்கும் அமைப்பு. முன்பின் எதுவும் இல்லாமல் ஒற்றை வரியாக நின்றால், உடைத்தவர் யாரோ ஒளிந்திருக்கிறார் என்ற வாசனை வரும். இன்சூரன்ஸ்காரருக்கு அந்த வாசனை போதும்.

சரி, 'மை ஆர்ம் புரோக்' என்றால்? இலக்கணம் இடிக்காது. ஆனால் பிளாஸ்டிக் பொம்மையின் கை கழன்ற மாதிரி இருக்கும். பல்லுக்கும் நகத்துக்கும் இது இயல்பு: 'மை நெயில் புரோக்'. இப்போதைய நிலையைச் சொல்ல 'மை ஆர்ம் இஸ் புரோக்கன்' நல்ல வாக்கியம்.

செயப்பாட்டு வினைக்கு உரிய இடம், வெளியே இருந்து ஒன்று வந்து தாக்கும்போது. 'ஐ வாஸ் ஹிட் பை எ ஃபாலிங் பிரான்ச்', விழுந்த கிளை என்னை அடித்தது. 'ஐ காட் பிட்டன் பை எ ஸ்னேக்', பாம்பு கடித்துவிட்டது. 'ஐ காட் ஸ்டங் பை எ பீ', தேனீ கொட்டிவிட்டது. கடிப்பதற்கு 'பைட்', கொட்டுவதற்கு 'ஸ்டிங்' என்று நம்மைப் போலவே பிரித்து வைத்திருப்பதால் அங்கே தடுமாற வேண்டியதில்லை. பாம்போ கிளையோ, அங்கேயும் முன்னால் நிற்பது ஆள்தான்.

நம் ஊர்ப் பேச்சில் இதற்கெல்லாம் 'கெனா' போதும். 'மை லெக் கெனா கட் லா.' மலாயிலிருந்து வந்த அந்தச் சொல், வேண்டாதது ஒன்று வந்து பட்டது என்பதை எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறது! ஆங்கிலத்தில்கூட அப்படி ஒரு சொல் இல்லை. ஒட்டுக்கடையில் தாராளமாகச் சொல்லுங்கள், பாரத்தில் வேண்டாம்.

கம்பியா வெட்டியது?

நாம் பொருள்மேல் பழி போடுவோம். "கம்பி கையைக் கிழிச்சிருச்சு." "நிலைக்கதவு தலையில இடிச்சிருச்சு." நிலைக்கதவு நின்ற இடத்தில்தான் நின்றிருக்கும், போய் முட்டியது நாம். இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலம் கொஞ்சம் நேர்மையானது என்று எனக்குப் படும். 'ஐ ஹிட் மை ஹெட் ஆன் த டோர் ஃபிரேம்', 'ஐ கட் மை ஹேண்ட் ஆன் எ வயர்'. அசையாமல் இருந்த பொருளுக்கு 'ஆன்'.

'வித்' போட்டால் கதை மாறும். 'ஐ கட் மை ஹேண்ட் வித் எ நைஃப்' என்றால் கத்தி உங்கள் பிடியில் இருந்தது என்று கேட்கும். தற்செயலாகவும் இருக்கலாம், கேட்பவருக்கு ஒரு நொடி சந்தேகமும் வரலாம். என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று சேர்த்துவிட்டால் தீர்ந்தது: 'ஐ கட் மைசெல்ஃப் வைல் ஷார்ப்பனிங் த நைஃப்', கத்தி தீட்டும்போது வெட்டிக்கொண்டேன். இன்னொன்று. 'ஷி கட்ஸ் ஹர்செல்ஃப்' என்று வழக்கமாக நடப்பதைப் போலச் சொன்னால், மன வேதனையில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறாள் என்ற பொருள் வந்துவிடும். நேற்று நடந்த சின்ன வெட்டைச் சொல்லும்போது இறந்தகாலத்தைக் கோட்டைவிடாதீர்கள்.

விழுவதற்கும் இதே கவனம் வேண்டும். மேலிருந்து விழுந்தால் 'ஃபெல் ஆஃப்': மோட்டாரிலிருந்து, ஏணியிலிருந்து. மரக்கிளைகளுக்குள்ளிருந்து விழுந்தால் 'ஃபெல் அவுட் ஆஃப்'. படியில் உருண்டால் 'ஃபெல் டவுன்'. வேர் தடுக்கினால் 'டிரிப்ட் ஓவர்', ஈரத்தில் வழுக்கினால் 'ஸ்லிப்ட் ஆன்'. கடைசியில் உடம்பின் எந்தப் பகுதி தரையில் பட்டது என்பதற்கு 'லேண்டட் ஆன்'. 'ஐ லேண்டட் ஆன் மை ஹேண்ட்' என்றால் கையை ஊன்றி விழுந்தேன். டாக்டருக்கு இந்த மூன்று நான்கு சொல் தங்கம். ஊன்றிய கையின் வேகம் மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறியிருக்கலாம், அங்கெல்லாம் தொட்டுப் பார்ப்பார்.

காசு தரும் சொற்களும் உண்டு. 'ஆன் மை வே டு வொர்க்', வேலைக்குப் போகும் வழியில். சொக்சோவுக்கு அடிப்படையான 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேலைக்குப் போகிற, வேலையிலிருந்து திரும்புகிற வழியில் நடக்கும் விபத்தும் சேரும். அந்தப் பாரத்தை மலாயிலேயே நிரப்பலாம். ஆனால் கம்பெனியின் விபத்து அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால், எங்கே போகும்போது என்பதை விட்டுவிடாதீர்கள்.

கை என்றால் எதுவரை?

தமிழில் தோளிலிருந்து நுனிவிரல்வரை கை. இடுப்புக்குக் கீழே பாதம்வரை கால். மலாயின் 'தாங்கான்', 'காக்கி' இரண்டும் பேச்சில் இப்படித்தான். ஆங்கிலம் நடுவில் கோடு போடுகிறது. மணிக்கட்டுக்குக் கீழே 'ஹேண்ட்', மேலே 'ஆர்ம்'. கணுக்காலுக்குக் கீழே 'ஃபுட்', மேலே 'லெக்'. முன்கை முறிந்தவர் 'ஐ புரோக் மை ஹேண்ட்' என்று போனில் சொன்னால், சிட்னியில் இருக்கும் மகள் உள்ளங்கையில் கட்டுப் போட்டிருப்பதாக நினைத்துக்கொள்வாள். கால்விரல் 'டோ', 'லெக் ஃபிங்கர்' என்று ஒன்று ஆங்கிலத்தில் கிடையாது. கழுத்தும் தொண்டையும் நமக்கும் இரண்டு, அவர்களுக்கும் இரண்டு. அங்கே சிக்கல் இல்லை.

மோசமான வில்லன் இடுப்புதான். என் சித்தி பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிய காலத்திலிருந்து இடுப்பு வலிக்காரி. ஒருமுறை குடம் தூக்கும்போது பிடித்துக்கொண்டது. கூடப் போன பேரன் டாக்டரிடம் 'ஹிப் பெயின்' என்றான். எக்ஸ்ரே எடுத்தது தொடை எலும்பு இடுப்பில் பொருந்தும் மூட்டை. எலும்பு சுத்தமாக இருக்கிறது என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 'ஹிப்' என்றால் அந்தப் பக்கவாட்டு மூட்டு. நாம் பின்பக்கம் கையை வைத்து "இடுப்பு விட்டுப்போச்சு" என்கிறோமே, அது 'லோயர் பேக்'. இரண்டாம் முறை சித்தி யாரையும் நம்பவில்லை. திரும்பி நின்று, சேலைக் கொசுவத்துக்கு மேலே விரலை வைத்துக் காட்டிவிட்டார்.

காயம் ஒன்று, பெயர் பல

தமிழில் 'காயம்' எல்லாவற்றுக்கும் குடை. ஆங்கிலத்தில் 'இஞ்சரி' அந்த மாதிரிப் பொதுச்சொல். அறிக்கை, பத்திரிகை, பாரம் இவற்றின் பாஷை. வீட்டுப் பேச்சில் 'ஹர்ட்' போதும்: 'நோபடி வாஸ் ஹர்ட்', யாருக்கும் அடியில்லை. 'வூண்ட்' என்பது தோல் பிளந்த புண். ஒருவரை 'வூண்டட்' என்றால் குண்டடிபட்டவர், குத்துப்பட்டவர் என்று தோன்றும். வழுக்கி விழுந்தவருக்கு அது ரொம்பப் பெரிய சட்டை.

தோல் உரசிப்போன சிராய்ப்பு 'கிரேஸ்'. நகம் பட்ட கீறல் 'ஸ்கிராட்ச்'. தோல் பிளக்காமல் உள்ளே ரத்தம் கட்டிக் கன்றிப்போனால் 'புரூஸ்'. நம் ஊரில் அதை 'புளூ பிளேக்' என்போம், மலேசியா சிங்கப்பூரைத் தாண்டினால் அது ஏதோ பெயின்ட் நிறம் என்று நினைப்பார்கள். நெருப்போ சூடான இரும்போ பட்டால் 'பர்ன்', கொதிநீரோ ஆவியோ பட்டால் 'ஸ்கால்ட்'. ரத்தம் வருவதை 'பிளட் இஸ் கமிங்' என்று அப்படியே தூக்கி வைக்க வேண்டாம், 'இட்ஸ் பிளீடிங்'.

முள் குத்துக்கு இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917-இல் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்து தென்னமரம் தோட்டத்தில்தான் நடந்தது. தென்னையின் பெயரை வைத்துக்கொண்டு செம்பனை வளர்த்த தோட்டம்! ஆக, மட்டை முள்ளும் நாமும் நூறு வருஷத்துக்கு மேல் பழக்கம். முள் இன்னும் உள்ளே இருந்தால் 'ஐ ஹேவ் எ தார்ன் ஸ்டக் இன் மை ஹேண்ட்'. எடுத்த பிறகு இருக்கும் சின்ன ஓட்டை 'பங்க்ச்சர் வூண்ட்': வாய் சிறிது, ஆழம் அதிகம். வெளியே ஒன்றும் தெரியாததால் இதை லேசாக எடுத்துக்கொள்வோம். டாக்டர் டெட்டனஸ் ஊசி போட்டாயா என்று கேட்பது அந்த ஆழத்துக்காகத்தான்.

அடுத்து ஊர் முழுக்க உலாவும் ஒரு நம்பிக்கை: "ஃபிராக்சர்தான், உடையல." இரண்டும் ஒன்று. 'புரோக்கன்' வீட்டுச் சொல், 'ஃபிராக்சர்' டாக்டர் சொல். மயிரிழை விரிசலாக இருந்தால் 'ஹேர்லைன் ஃபிராக்சர்' என்பார்கள், அதுவும் எலும்பு முறிவுதான். சுளுக்கிலும் இரண்டு உண்டு. மூட்டில் எலும்போடு எலும்பைக் கட்டி நிறுத்தும் நார் இழுபட்டால் 'ஸ்பிரெய்ன்', தசை இழுபட்டால் 'ஸ்டிரெய்ன்'. கணுக்காலுக்கு முதலாவது, தொடைக்கு இரண்டாவது. 'பிளாஸ்டர்' என்றால் விரல் காயத்தில் ஒட்டுகிற பட்டையும் அதுதான், மாவுக்கட்டும் அதுதான். 'மை ஆர்ம் இஸ் இன் பிளாஸ்டர்' என்று 'இன்' போட்டால் மாவுக்கட்டு.

வலியைப் பிரித்துச் சொல்வது

'மை லெக் இஸ் பெயினிங்' நம் ஊரிலும் இந்தியாவிலும் ஓடும். இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ கேட்பவருக்குப் புரியும், ஆனால் அவர் வாயில் வராது. அவர் சொல்வது 'மை லெக் ஹர்ட்ஸ்'. 'பெயின்' அவருக்குப் பெரும்பாலும் பெயர்ச்சொல்: 'ஐ ஹேவ் எ பெயின் இன் மை நீ'.

'ஹர்ட்' சொல்லும் இடத்தைப் பொறுத்து வேலை மாறும். 'மை பேக் ஹர்ட்ஸ்', முதுகு வலிக்கிறது. 'ஐ ஹர்ட் மை பேக்', முதுகில் அடிபட்டுக்கொண்டேன். 'ஐம் ஹர்ட்' என்றால் அடிபட்டிருக்கிறேன், அல்லது மனசு புண்பட்டிருக்கிறது. நாமும் உடம்புப் புண்ணையும் மனசுப் புண்ணையும் ஒரே சொல்லில்தானே வைத்திருக்கிறோம்.

விடாத மந்தமான வலி 'ஏக்'. தலை, பல், வயிறு, காது, முதுகு இவற்றோடு ஒட்டி வரும். முட்டிக்கு அப்படி ஒட்டாது, 'நீ பெயின்'தான். முதல் நாள் குலை வெட்டப் போனவனுக்கு மறுநாள் உடம்பெல்லாம் நோவுமே, அந்த நோவு 'சோர்': 'ஐம் சோர் ஆல் ஓவர்'.

வலியின் குணத்தைச் சொல்வதில் தமிழ் பணக்கார மொழி, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். விண் விண்ணென்று தெறித்தால் 'த்ராபிங்'. கத்தியால் குத்துகிற மாதிரி என்றால் 'ஸ்டாபிங்'. சுரீரென்று ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஓடினால் 'ஷூட்டிங்'. எரிந்தால் 'பர்னிங்'. இதெல்லாம் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் 78 வலிச் சொற்களை 20 கூட்டமாகப் பிரித்து ஒரு கேள்வித்தாளே தயாரித்து 1975-இல் வெளியிட்டார். எரிகிற வலிக்கும் தெறிக்கிற வலிக்கும் காரணம் வேறாக இருக்கலாம் என்பதால் டாக்டருக்கு அந்தச் சொல் ஒரு துப்பு.

மரத்துப்போனால் 'நம்'. எழுதும்போது கடைசியில் ஒரு 'பி' இருக்கும், வாயில் வராது. கட்டைவிரலுக்கு 'தம்' என்பதும் அப்படியே. 'மயக்கம்' மட்டும் ஜாக்கிரதை. "மயக்கமா இருக்கு" என்றால் 'ஐ ஃபீல் டிஸி'. மயங்கி விழுந்தால் 'ஐ ஃபெயின்ட்டட்'. தலையில் அடிபட்டவரிடம் 'டிட் யூ பிளாக் அவுட்?' என்று கேட்டால், நினைவு தப்பியதா என்று கேட்கிறார்கள். தலை சுற்றியதை நினைத்துக்கொண்டு 'யெஸ்' என்று சொல்லிவிடாதீர்கள். தப்பியிருந்தால் மறைக்கவும் வேண்டாம்.

திரும்ப எழுதிய பாரம்

போன் வந்த மறுநாள் தம்பி திரும்ப வந்தான். உட்கார வைத்து, நடந்ததைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு, இப்படி எழுதினேன்:

'ஐ வாஸ் ரைடிங் ஹோம் இன் த ரெயின். மை மோட்டர்சைக்கிள் ஸ்கிட்டட் ஆன் த மட். ஐ ஃபெல் ஆஃப், லேண்டட் ஆன் மை லெஃப்ட் ஹேண்ட் அண்ட் புரோக் மை ஆர்ம். ஐ டிட் நாட் பிளாக் அவுட்.'

மழையில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சேற்றில் மோட்டார் சறுக்கியது. விழுந்து, இடது கையை ஊன்றி, கையை உடைத்துக்கொண்டேன். நினைவு தப்பவில்லை. ஊன்றியது 'ஹேண்ட்', முறிந்தது 'ஆர்ம்' என்று காட்டியதும் மாவுக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"புரோக் மை ஆர்ம்... உடைச்சுக்கிட்டேன். சரிண்ணே, 'மை' இருக்கிறதால தப்பிச்சேன்."

கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் தெரிந்தது, பையன் இடது கைக்காரன். வலது கையில் பேனாவைப் பிடித்துப் பார்த்தான், கோழி கிளறிய மாதிரி வந்தது. சரி, கட்டைவிரல் ரேகை வைத்துவிடலாம் என்றேன். மேஜையைச் சுற்றும் முற்றும் பார்த்தான்.

"அண்ணே, மை எங்க?"

நான் மூன்றாவது வாக்கியத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

"அது இல்லண்ணே. ரேகை வைக்கிற மை."